கடலோரத்தில் கார் பேட்டரி: எப்போது மாற்றுவது, எப்போது துடைத்தால் போதும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிக் கார் வைத்திருப்பவர்களின் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். வெயில் பேட்டரியை உள்ளிருந்து தின்கிறது. உப்புக்காற்று அதன் மேலுள்ள கிளாம்பையும் வயரையும் வெளியிலிருந்து அரிக்கிறது. இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: செல்ஃப் அடிக்காது. முதல் வகையாக இருந்தால் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஸ்பேனரும் சுடுதண்ணீரும் ஆப்ப சோடாவும் போதும்.

எந்த வகை என்று தெரியாமல் கடைக்குப் போனால் நல்ல பேட்டரியைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டுப் புதிதோடு திரும்புவீர்கள். அரித்துப்போன எர்த் வயர் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைப்பது) அப்படியே இருக்கும். சில வாரங்களில் புதுப் பேட்டரியும் அதே தகராறைச் செய்யும். அதனால் முதலில் துடை, பிறகு அள, கடைசியில் வாங்கு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று (எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), 10 நம்பர் ஸ்பேனர், பழைய டூத் பிரஷ், உப்புத்தாள், ரப்பர் கையுறை, கண்ணாடி. கண்ணாடியை யாரும் போடுவதில்லை. ஆசிட் ஒரு துளி கண்ணில் பட்டவர்கள் மட்டும் மறக்காமல் போடுகிறார்கள். பேட்டரிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறிக்கே வெடிக்கும். பானெட்டைத் திறந்து வேலை செய்யும்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கையில் மோதிரமோ இரும்புக் காப்போ இருந்தால் கழற்றி வையுங்கள்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து லைட்டும் மங்கினால் கரண்ட் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், கிளாம்பின் பிடிப்பு கெட்டிருக்கலாம். இதை மட்டும் வைத்துப் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரே ஒரு 'டக்', லைட் கொஞ்சமும் மங்கவில்லை என்றால் பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரோ அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்டோதான். எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

உர்ர்... உர்ர்... என்று மெதுவாகச் சுற்றுவது வயதான பேட்டரியின் குணம். எர்த் வயர் அரித்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

டேஷ்போர்டே எரியவில்லை, கிளாம்பைக் கையால் அசைத்தால் லைட் வந்து போகிறது என்றால் லூஸ் கனெக்‌ஷன். ஐந்து நிமிட வேலை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் பெரும்பாலும் இல்லை. எரிபொருள், பிளக் பக்கம் தேட வேண்டும். விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பேட்டரியும் இறங்கிவிடும். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்சையோ பிரேக்கையோ முழுக்க மிதிக்காவிட்டால் செல்ஃப் அடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்க வேண்டும். ரிமோட் சாவிக்குள் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்துபோனாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். இந்த மூன்றுக்காகவும் பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

உப்பைக் களைவது

பானெட்டைத் திறந்ததும் கிளாம்ப் மேல் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொரிந்து நிற்பது ஆசிட் ஆவியும் காற்றின் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. எந்த ஊரிலும் இது வரும். பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி பக்கம் ஓடும் வண்டிகளில் கடல் உப்பும் சேர்ந்துகொள்வதால் சீக்கிரம் வரும், ஆழமாகவும் போகும். தனுஷ்கோடி சாலையில் காற்றடிக்கும் நாளில் ஒருமுறை போய் வந்தாலே கண்ணாடியில் உப்புப் படிவதைப் பார்க்கலாம். அதே உப்பு கிரில் வழியாக பானெட்டுக்குள்ளும் போகிறது.

மேலே தெரியும் பொரிசல் சிறிய பிரச்சினை. வயரின் பிளாஸ்டிக் உறைக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாவதுதான் பெரியது, அது வெளியே தெரியாது. கிளாம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வரை வயரை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் விறைப்பாகவோ நெறுநெறுவென்றோ இருந்தால் உள்ளே அரித்திருக்கிறது. அந்த வயரை மாற்றத்தான் வேண்டும், துடைத்துப் பயனில்லை.

துடைக்கும் முறை:

1. சாவியை எடுத்து, எல்லா லைட்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்ட கணமே ஷார்ட் ஆகும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

2. ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துப் பிரஷால் தேயுங்கள். நுரைப்பது நின்றால் ஆசிட் முறிந்துவிட்டது. சோடா தண்ணீர் பேட்டரி மூடித் துளைகளுக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் ஆசிட்டும் முறியும்.

3. நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நம் பக்கம் பல ஊர்களில் போர்த்தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் உப்பு அங்கேயே நிற்கும். வீட்டுக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு சொம்பு போதும்.

4. துணியால் துடைத்துக் காயவிட்டு, ஈய முனையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள்.

5. பாசிட்டிவை முதலில் மாட்டி, பிறகு நெகட்டிவை மாட்டுங்கள். கையால் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது. அதற்காக ஸ்பேனரைத் தொங்கி முறுக்கவும் வேண்டாம். ஈயம் மெத்தென்றிருக்கும், முனை சிதைந்துவிடும்.

6. முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலினோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் தடவக் கூடாது, அங்கே ஈயமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும்.

நெகட்டிவ் வயர் பாடியிலும் எஞ்சினிலும் போல்ட் போட்ட இடங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான். அங்கே துரு இருந்தால் போல்ட்டைக் கழற்றி, வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து மாட்டுங்கள். பேட்டரியைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புப் பட்டையையும் பாருங்கள். உப்பில் துருப்பிடித்து அது தளர்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பேட்டரி குலுங்கும். உள்ளே தட்டுகளில் இருக்கும் மருந்து உதிர்ந்து அடியில் தேங்கி செல் ஷார்ட் ஆகும்.

இவ்வளவும் செய்ததும் வண்டி பழையபடி கிளம்பினால் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இன்றைக்கு இல்லை. ஆனாலும் கீழே உள்ள அளவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சொல்லும் மூன்று எண்கள்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பாசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில். கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே நேராக வைக்க வேண்டும்.

முதல் எண், ஓய்வில். வண்டி ஓடி நின்றதும் அளந்தால் எல்லாப் பேட்டரியும் நல்ல பேட்டரியாகத்தான் தெரியும், மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் அளப்பது சரி. அவசரம் என்றால் ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, 5 நிமிடம் கழித்து அளங்கள். சாதாரண பேட்டரியில் 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 10.5 பக்கம் நின்றுகொண்டு சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், அதைக் கழித்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை, மாற்றுங்கள்.

12.4-க்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். முதலில் சார்ஜ் போட வேண்டும். இறங்கின பேட்டரியை லோடு டெஸ்டரில் (கரண்ட் இழுத்துச் சோதிக்கும் கருவி) வைத்தால் நல்லதும் கெட்டதாகத்தான் காட்டும். கடையில் டெஸ்டரை வைத்த உடனே "வீக்குண்ணே, போயிருச்சு" என்று சொன்னால், "சார்ஜ் போட்டுட்டுப் பாருங்கண்ணே" என்று சொல்லத் தயங்காதீர்கள். சார்ஜ் மெதுவாகப் போட வேண்டும்: 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று கூடுதல் ஆம்பியரில் போட்டால் தட்டுகள் சூடாகி வளையும்.

சார்ஜ் போட்டு எடுத்த பேட்டரியை எதிலும் மாட்டாமல் ஓர் இரவு வைத்துவிட்டு அளங்கள். 12.6-இல் நின்றால் பிழைத்தது. எதிலும் மாட்டாமலே 12.4-க்குக் கீழே வந்துவிட்டால் உள்ளேயே தின்கிறது என்று பொருள், அதை நம்பி ஊருக்குக் கிளம்ப முடியாது.

இரண்டாவது எண், செல்ஃப் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் ஒரு கணத்தில் இறங்கி ஏறிவிடும் என்பதால் மீட்டர் திரையைப் போனில் ஸ்லோமோஷனில் எடுத்துவிட்டு நிதானமாகப் பார்ப்பது நல்லது. நம் வெயிலுக்கு, முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி 10.5 வோல்ட் பக்கம் நிற்கும். 10-க்குக் கீழே போனால் வயதாகிவிட்டது. 9.6-க்குக் கீழே என்றால் மாற்றும் நேரம்.

இதில் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் ஈய முனையில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது என்றால் பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில்தான் அடைப்பு. மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈய முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் போச்சு. அதேபோல் ஈய முனைக்கும் அதன் மேலிருக்கும் கிளாம்புக்கும் நடுவே அளங்கள், 0.1-க்கு மேல் வரக் கூடாது. இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் கவலை? செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். கடலோர வண்டிகளில் "பேட்டரி வீக்" என்று பெயர் வாங்குவதில் நிறைய இந்தக் காணாமல் போன ஒன்றரை வோல்ட்தான்.

மூன்றாவது எண், எஞ்சின் ஓடும்போது. டைனமோ சார்ஜ் கொடுக்கிறதா என்பதற்கு. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட நிலையில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13.5-க்குக் கீழே நின்றால் பேட்டரி என்றைக்கும் நிறையாது. பெல்ட், டைனமோ கார்பன் பிரஷ், வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 14.8-க்கு மேல் தொடர்ந்து நின்றால் தண்ணீர் கொதித்து வற்றும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் டைனமோவைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் எண் 12.5-க்கும் 15-க்கும் நடுவே ஏறி இறங்கும், அது கோளாறு இல்லை. டைனமோ கெட்டிருப்பதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி போட்டால் நாலாம் நாள் அதுவும் இறங்கி நிற்கும்.

மூடி திறக்கிற பேட்டரி என்றால்

மேலே ஆறு மூடி இருக்கும் பேட்டரிகளில், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். வோல்ட் மீட்டரைவிட இது நேர்மையானது, ஏனென்றால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சொல்லும். முழு சார்ஜில் 1240 முதல் 1280 வரை, கம்பெனியைப் பொறுத்து வரும். எல்லா செல்லும் ஒன்றாக 1200-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் குறைவு. ஐந்து செல் 1240 காட்டி, ஒன்று மட்டும் 1180 காட்டினால், அதுவும் சார்ஜ் போட்ட பிறகும் அப்படியே நின்றால், அந்த செல் போய்விட்டது. செல்களுக்குள் 50 புள்ளி வித்தியாசம் என்பதுதான் எல்லை.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், மழைத்தண்ணீர் எதுவும் வேண்டாம். நம் ஊர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் குளோரைடு போய்ப் பேட்டரியை மாதங்களில் முடித்துவிடும். ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வற்றியது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சிந்திப் போயிருந்தால் தவிர ஆசிட் சேர்க்க வேண்டியதில்லை. தட்டுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி, மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். தட்டுகள் வெளியே தெரிந்து காய்ந்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் காய்ந்த பகுதி திரும்பாது.

சீல் செய்த பேட்டரிகளில் இருக்கும் பச்சைக் கண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். அது ஆறில் ஒரு செல்லை மட்டும் பார்க்கிறது.

இரவில் யாரோ குடிக்கிறார்கள்

நேற்று 12.6, இன்று காலை 12.1. பேட்டரி கெட்டதாலும் இருக்கலாம், வண்டியில் ஏதோ ஒன்று இரவெல்லாம் இழுப்பதாலும் இருக்கலாம். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரை மாட்டுங்கள். வண்டியைப் பூட்டிவிட்டு முக்கால் மணி நேரம் விடுங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியர் வரை சரி. அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் எண் விழுகிறது என்று பாருங்கள். டேஷ்கேம், வெளியில் போட்ட ஸ்டீரியோ, டிக்கி லைட், ராமேஸ்வரம் டூர் ஓட்டும் வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

நிற்கும் கார்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் கார் மாதக்கணக்கில் நிற்கும். இங்கே பேட்டரி சாவதற்குக் காரணம் ஓட்டம் இல்லை, ஓய்வு. 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். 35 ஏஎச் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகும், ஒரு மாதத்தில் காலி. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் போட்டாலும் கொள்ளளவு திரும்ப வராது. ஒரே வருடத்தில் புதுப் பேட்டரி வீணாவது இப்படித்தான்.

"வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடு, மாப்ள" என்று போனில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதனால் பெரிய பலன் இல்லை. ஐடிலில், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பேட்டரிக்குப் போவது சொற்பம்; ஒரு வாரம் கசிந்ததை அது ஈடுகட்டாது. ஓட்டுவதானால் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்பும் அளவுக்கு, அரை மணிக்கு மேல் ஓட்டுங்கள். ஓட்ட ஆள் இல்லை என்றால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஓட்டமில்லாமல் நிற்கும் மீன் வண்டிகளுக்கும் இதே வழிதான்.

எப்போது மாற்றுவது

வெயிலால் என்ன ஆகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. பானெட்டுக்குள் எஞ்சினை அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் குளிர் ஊர்களில் ஐந்தாறு வருடம் வரும் அதே பேட்டரியிடம் இங்கே மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வருடம் ஆனதும், சித்திரை பிறக்கும் முன் ஒருமுறையும் ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும் மூன்று எண்களையும் எடுங்கள். மழைக்காலத்தில் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் பனி நீக்கி எல்லாம் சேர்ந்து ஓடும். வெயிலில் தளர்ந்த பேட்டரி அப்போதுதான் கையை விரிக்கும்.

உடனே மாற்ற வேண்டியவை: பக்கவாட்டில் வீங்கியது, விரிசல் விட்டு ஆசிட் கசிவது, அழுகின முட்டை நாற்றம் அடிப்பது, ஒரு செல் செத்தது. வீங்கினதற்கு ஜம்ப் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட்) கூடக் கொடுக்காதீர்கள். கூடவே டைனமோ வோல்ட்டையும் பாருங்கள். அதிக சார்ஜ்தான் பெரும்பாலும் வீங்க வைத்திருக்கும்.

முழு சார்ஜில் செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே, வயதும் மூன்றைத் தாண்டியது என்றால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் மாற்றுங்கள். உள்ளூரில் மட்டும் ஓடுவதானால் இன்னும் சில மாதம் இழுக்கலாம், அது உங்கள் துணிச்சல். ஆனால் அந்தப் பேட்டரியோடு அரிச்சல்முனைக்குப் போய், எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டும் புளோயரும் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே பேட்டரிக் கடை கிடையாது. ராமேஸ்வரம் 20 கிலோமீட்டருக்கு மேல்.

ஒன்றரை வருடப் பேட்டரி ஒருமுறை இறங்கியது, சார்ஜ் போட்டதும் எண்கள் சரியாக வந்தன என்றால் மாற்றாதீர்கள். ஏன் இறங்கியது என்று தேடுங்கள்.

வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். முதல் பகுதி இலவச மாற்று, இரண்டாவது பகுதி விலையில் கழிவு என்று பிரித்திருப்பார்கள். இலவச காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். வெறுமனே இறங்கியதற்கு வாரண்டி கிடைக்காது, செல் கெட்டிருந்தால்தான். கடையில் ஓரிரு நாள் வைத்து சார்ஜ் போட்டுப் பார்ப்பார்கள், அதுவரை வண்டிக்கு ஒரு சர்வீஸ் பேட்டரி கேட்டு வாங்குங்கள். டாக்ஸியாக ஓடும் வண்டிக்குப் பல மாடல்களில் வாரண்டி காலம் குறைவு.

வாங்கும்போது

பழைய பேட்டரியில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 38பி20எல் போன்ற எண்ணில் கடைசி எழுத்து எல் அல்லது ஆர் என்று இருக்கும். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதை அது சொல்கிறது. மாறிப்போனால் வயர் எட்டாது. எட்ட வைக்க இழுத்தால் உரசி ஷார்ட் ஆகும். முனையின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். மெல்லிய முனைக்குத் தடித்த கிளாம்பை மாட்டித் தகரத் துண்டு செருகுவது வேலைக்காகாது, உப்புக்காற்றில் அந்த இடுக்கில்தான் முதலில் அரிக்கும்.

சிக்னலில் தானாக எஞ்சின் அணைந்து கிளம்பும் வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரி வரும். விலை கூடுதல். சாதாரணப் பேட்டரியை அதில் போட்டால் சீக்கிரம் போய்விடும், ஆகவே வந்த வகையையே போடுங்கள்.

தயாரித்த தேதியை எப்படிப் படிப்பது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது. ஆறு மாதம் அலமாரியில் கிடந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் மீட்டர் வையுங்கள்: 12.5-க்குக் கீழே இருந்தால் வேறொன்று.

மாட்டும்போது பழைய பேட்டரியைச் சுற்றியிருக்கும் உறையைத் தூக்கி எறிய விடாதீர்கள், எஞ்சின் சூட்டைத் தடுப்பது அதுதான். கிளாம்ப்களையும் எர்த் போல்ட்டையும் மேலே சொன்னபடி தேய்த்த பிறகே புதிதை வைக்கச் சொல்லுங்கள். மாட்டி முடிந்ததும் எஞ்சினை ஓட்டி 13.8-க்கு மேல் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். கண்ணாடிகள் தானாக ஏறுவது, கடிகாரம், ரேடியோ ஆகியவற்றைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கலாம்.

பில்லில் பழைய பேட்டரியைக் கொடுத்தால் ஒரு விலை, கொடுக்காவிட்டால் ஒரு விலை என்று இருக்கும். கொடுத்துவிடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் எடை குறைக்க ஆசிட்டை மணலில் கொட்டிவிட்டுப் போவார். ஈயத்தோடு அது கீழே இறங்கும் நிலத்தடி நீர் நம்முடையதுதான்.

நடுவழியில் நின்றால்

ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். கொடுக்கும் வண்டி 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பெரிய லாரி, பஸ் எல்லாம் 24 வோல்ட், அதிலிருந்து எடுத்தால் உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் கருகும். வரிசை: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால்தான் தள்ளி. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கிளம்பியதும் கேபிளை மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்கு மட்டும், இரண்டாவது கியரில். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயனில்லை. கிளம்பிய வண்டியை வழியில் டீக்கடையில் அணைத்துவிடாதீர்கள். நேராக வீட்டுக்கோ சார்ஜ் போடும் கடைக்கோ போய்ச் சேருங்கள்.